பார்லியை என்று வெட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவனத்துக்கும் தானியத்துக்கும் ஒருசேரப் பயன்படும் வசந்தகால பார்லி ரகங்களைப் பற்றித் தங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பார்லிக்கு இவ்வளவு இடம் ஒதுக்கிய நாளிதழை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே முதல் தடவை படித்து முடித்துவிட்டேன். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் ஒரு வாக்கியம் உறுத்தியது. விதைத்த 55-ஆம் நாள் பசுந்தீவனமாக வெட்டிக்கொள்ளலாம், அப்புறம் மறுதாம்பில், அதாவது வெட்டிய அடியிலிருந்து மறுபடி தளிர்ப்பதில், வழக்கம்போல் தானியமும் எடுக்கலாம் என்று எழுதியிருந்தது. வசந்தத்தில் விதைக்கிற ஒருவர் இதை நம்பி 55-ஆம் நாள் வயலில் இறங்கினால் தீவனம் கிடைக்கும், நல்ல தீவனமாகவே கிடைக்கும். தானியத்தை மட்டும் மறந்துவிட வேண்டியதுதான்.

நான் கறவை மாடு வளர்ப்பவள். மாடுகள் என் பொறுப்பு, வயல் என் அண்ணன் பொறுப்பு. பார்லி என்று வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஆண்டுதோறும் வழக்கு. அவருக்குக் களஞ்சியம் நிறைய வேண்டும், எனக்குப் பசுந்தீவனத்தைக் காற்றுப் படாமல் மூடிப் புளிக்கவைக்கும் தீவனக் குழி நிறைய வேண்டும். ஒரே பயிரில் இரண்டும் முழுதாக வரும் என்று ஒரு நாளிதழே சொன்னால் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். ஆனால் பயிர் அப்படி வளர்வதில்லை.

கட்டுரையில் சொன்ன 55 நாள் கணக்கு பொய்யில்லை. வட இந்தியாவில், குறிப்பாக ராஜஸ்தானிலும் அதை ஒட்டிய வறண்ட பகுதிகளிலும், ஆர்டி 2035, ஆர்டி 2552, ஆர்டி 2715 போன்ற இருபயன் ரகங்களுக்கு அந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். 50 முதல் 55 நாளில் தரையிலிருந்து சில விரற்கடை உயரம் விட்டு வெட்டு, உடனே தண்ணீர் கட்டு, தழைச்சத்து (நைட்ரஜன்) மேலுரம் கொடு, மறுபடி தளிர்த்து வருவதைத் தானியத்துக்கு விடு. அங்கே அது நடக்கிறது. காரணம் ரகம் மட்டும் இல்லை. அங்கே விதைப்பு அக்டோபர், நவம்பரில். அதன்பிறகு பகல் குறுகிக்கொண்டே போகிறது, குளிர் ஏறுகிறது. பயிர் அவசரப்படாமல், அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டிக்கொண்டு தரையோடு கிடக்கிறது. 55-ஆம் நாளிலும் அதன் குருத்துமுனை பெரும்பாலும் மண்ணை ஒட்டியே இருக்கும். வெட்டினால் போவது இலை. கதிராக வேண்டிய முனை தப்பித்துக்கொள்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த இந்திய ரகங்களும் பிறப்பால் வசந்தகால வகையைச் சேர்ந்தவைதான். நீண்ட குளிரில் கிடந்தால்தான் பூப்பேன் என்று அடம்பிடிக்கிற குளிர்கால வகைகள் இல்லை. ரகம் வசந்தகால ரகம், விதைப்பு இலையுதிர் காலத்தில். தங்கள் கட்டுரை எழுதியவர் 'வசந்தகால பார்லி' என்ற பெயரைப் பார்த்து, அதே நாள் கணக்கை வசந்தத்தில் விதைப்பவர்களுக்கும் எழுதிவிட்டார் என்று நினைக்கிறேன். பெயர் ஒன்று, பருவம் வேறு.

வசந்தத்தில், மண் காய்ந்ததும் விதைத்தால் நடப்பதே வேறு. பகல் நாளுக்கு நாள் நீள்கிறது, வெப்பம் ஏறுகிறது. நீண்ட பகல்தான் பார்லியைக் கதிருக்குத் தள்ளும் விசை. விதைத்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தண்டு எழும்பத் தொடங்கிவிடும். எட்டாவது வாரத்தை ஒட்டிப் பல ரகங்களில் கதிரே வெளியே தலைகாட்டும். விதைத்த மூன்று மாதம், மூன்றரை மாதத்தில் அறுவடை முடிந்துவிடும் பயிர் அது. அதை 55-ஆம் நாளில் வெட்டினால், தண்டுக்குள் ஏறிவந்துவிட்ட கதிரையும் சேர்த்தே வெட்டுகிறோம். அதற்குப் பிறகு அடியில் மிச்சமிருக்கும் இளந்தூர்கள் கொஞ்சம் தளிர்க்கும். அவை கதிர் விடும்போது கோடை உச்சத்தில் இருக்கும், ஈரம் குறைந்திருக்கும். சிறுத்துச் சுருங்கிய மணிதான் மிஞ்சும், அதுவும் ஒரே நேரத்தில் முற்றாது.

இதைக் கண்ணால் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். நாலைந்து இடத்தில் செடியை வேரோடு பிடுங்கி, தாய்த்தண்டை அடியிலிருந்து பிளேடால் நீளவாக்கில் கீற வேண்டும். உள்ளே வெள்ளையாக, நுனிவிரலில் அடங்கும் ஒரு முனை தெரியும். அது மண் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா, மேலே ஏறிவிட்டதா என்று பார்த்தால் போதும். அடியில் முதல் கணு விரலுக்குத் தட்டுப்பட்டுவிட்டால் தானியத்துக்கு அந்தப் பயிரை இனி தொடக்கூடாது. 1974-ல் ஸாடோக்ஸும் அவருடைய சகாக்களும் வகுத்த பயிர்ப்பருவ அளவுகோலில் இதற்கு 31 என்று எண். உலகத்தில் எந்த மூலையில் விதைத்தாலும் 31 என்பது 31-தான். '55-ஆம் நாள்' என்பதோ இடத்துக்கு இடம் மாறும். நாளிதழில் நாள் கணக்குக்குப் பதில் பருவத்தை அச்சிட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

மாடுகளை மேயவிட்டு எடுப்பதற்கும் இதே விதிதான். தூர் கட்டும்போது லேசாக மேயவிடலாம், கணு தட்டுவதற்கு முன் வெளியே ஓட்டிவிட வேண்டும். அப்போதுகூட, தொடாத பயிரோடு ஒப்பிட்டால் தானியம் கொஞ்சம் குறையும் என்று எண்ணிக்கொண்டுதான் இறங்க வேண்டும். வெட்டிய இலையும் செடி சம்பாதித்ததுதானே, அதை இலவசமாகத் திருப்பித் தராது.

சரி, அப்படியென்றால் வசந்தத்தில் விதைப்பவர்களுக்கு இருபயன் ரகத்தால் என்ன லாபம்? லாபம் இருக்கிறது, நானும் அண்ணனும் அதை நம்பித்தான் அந்த ரகத்தைப் போடுகிறோம். முடிவைத் தள்ளிப்போடலாம் என்பதுதான் அந்த லாபம். தானியத்துக்கு மட்டும் என்று குட்டைத் தண்டு ரகத்தைப் போட்டால், கோடையில் தீவனம் பற்றாமல் போனாலும் அதிலிருந்து பெரிய குவியல் கிடைக்காது. தீவனத்துக்கு மட்டும் என்று இலை நிறைந்த நெட்டை ரகத்தைப் போட்டால், தீவனம் மிஞ்சிய ஆண்டில் அதைத் தானியத்துக்கு விடுவதற்குள் பாதி சாய்ந்துவிடும். இருபயன் ரகம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் வரைக்கும் 'இது குழிக்கா, களஞ்சியத்துக்கா' என்று சொல்லாமல் இருக்கலாம். சொல்லிவிட்ட பிறகு, ஒரு வயலுக்கு ஒரே பயன்தான். வேண்டுமானால் வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் குழிக்கும் மறு பங்கைக் களஞ்சியத்துக்கும் விடலாம். எங்கள் வீட்டில் அநேகமாக அப்படித்தான் முடியும்.

பிரிப்பது எந்தப் பக்கம் என்பதில்தான் பேச்சு முற்றும். "களை நிறைந்த பக்கத்தை நீ எடுத்துக்கோ, சுத்தமான பக்கம் எனக்கு" என்பார் அண்ணன். கேட்க அநியாயமாக இருந்தாலும் அதில் நியாயம் இருக்கிறது. காட்டு ஓட் போன்ற களை விதை பிடிப்பதற்கு முன் பயிரோடு சேர்த்து வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டுக்கு அந்த விதை மண்ணில் விழாது. தானியத்துக்கு விட்டால் களையும் முற்றி உதிரும். "அப்படின்னா சாயுற மாதிரி இருக்கிற பக்கமும் எனக்குத்தானே, அண்ணே" என்று நானும் விடமாட்டேன். சாயப்போகிற பயிரைத் தானியத்துக்கு விடுவதில் பிரயோசனமில்லை. மேட்டில் சீக்கிரம் காய்கிற பகுதி, உழவு ஓரம், கல்மழை அடித்த பகுதி எல்லாம் என் கணக்கில் வந்து சேரும். என்னிடம் பழைய தீவனம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும் அவர் கேட்பார். அதில் நான் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வேன்.

இனி வெட்டும் பருவம். கட்டுரை 'இளசாக வெட்டினால் சத்து அதிகம்' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. இளசில் புரதம் அதிகம் என்பது சரி. கதிர் இன்னும் தொண்டையில், அதாவது மேல் இலையின் உறைக்குள், இருக்கும்போது உலர் எடையில் புரதம் ஏறத்தாழ 15 சதவீதம் இருக்கும், மாவுப் பருவத்தில் 10-ஐ ஒட்டி இறங்கிவிடும். ஆனால் தொண்டைக்கதிரில் வெட்டினால் ஏக்கருக்குக் கிடைக்கும் மொத்த உலர் தீவனம் ரொம்பக் குறைவு. பிறகு வரும் மூன்று வாரத்தில்தான் பயிர் கனக்கிறது. கதிர் வந்து மணியில் பால் கட்டும் நடுப்பருவத்தில் தண்டு முரடாகி, மணியில் மாவும் சேராமல், சுவையும் கொஞ்சம் குறைந்து இருக்கும். அதைத் தாண்டி மணியை நசுக்கினால் குழைவாக மாவு பிதுங்குகிற பருவத்தில், அளவுகோலில் 85-ஐ ஒட்டி, தண்டின் குறையை மணியின் மாவுச்சத்து ஈடுகட்டத் தொடங்குகிறது. கறவை மாட்டுக்கு அளவும் வேண்டும், சக்தியும் வேண்டும் என்றால் நான் அந்தக் குழைமாவுப் பருவத்துக்குக் காத்திருப்பேன். கன்றுகளுக்கென்று கொஞ்சம் தனியாக வேண்டுமானால் தொண்டைக்கதிரிலேயே ஒரு துண்டு வெட்டிக்கொள்வேன். ஒரே பதில் எல்லா மாட்டுக்கும் பொருந்தாது.

குழியில் போடுவது தனிக் கலை. ஈரம் 60 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மாவுப் பருவத்துக்குச் சற்று முன் வெட்டினால் சில மணி நேரம் வயலிலேயே வாட விட வேண்டியிருக்கும். பார்லித் தண்டு உள்ளே பொள்ளல். நீளமாக நறுக்கிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் காற்றை அடைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கும். காற்று இருந்தால் பூசணம் இருக்கும். அதனால் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிப் பொடியாக நறுக்கி, மெல்லிய அடுக்காகப் பரப்பி, கனமான டிராக்டரை ஏற்றி ஏற்றி மிதிக்க வேண்டும். மூடிய பிறகு மூன்று வாரமாவது கை வைக்காமல் இருந்தால் நல்லது. நன்றாகப் புளித்த குழியில் அமிலத்தன்மை பிஎச் 4-ஐ ஒட்டி வந்து நிற்கும், வாடையும் இனிப்புப் புளிப்பாக இருக்கும். உலர்தீவனமாகக் கட்டுவதென்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு வர வேண்டும். கணுக்களில் ஈரம் ஒளிந்திருக்கும். வெளியே தொட்டுப் பார்த்து ஏமாந்து கட்டினால் கட்டு சூடேறும், தீப்பிடிப்பதும் உண்டு.

மீசையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. எனக்கு இதுதான் பெரிய மனக்குறை. பார்லிக் கதிரின் மீசை ரம்பப் பல் போல் சொரசொரப்பானது. முற்றிய பயிரை உலர்தீவனமாகப் போட்டால் அந்த மீசை மாட்டின் நாக்கிலும் ஈறிலும் குத்தும். குத்திய இடத்தில் கிருமி புகுந்தால் தாடை வீங்கி எலும்புவரை போகும் நோய் வரலாம், நாக்கு மரக்கட்டைபோல் ஆகும் நோயும் வரலாம். குழியில் புளித்தால் மீசை ஓரளவு மெத்தென்று ஆகிவிடும். உலர்தீவனத்தில் அப்படி ஆகாது. ஆகவே உலர்த்திக் கட்டுபவர்கள் மீசை விறைப்பதற்கு முன் வெட்ட வேண்டும், அல்லது ரகத்திலேயே கவனமாக இருக்க வேண்டும்.

மீசை இல்லாத ரகங்களும், மீசைக்குப் பதில் சிறு முக்காடு போட்டது போன்ற கதிர் உள்ள ரகங்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் மொன்டானாவில் உலர்தீவனத்துக்கென்றே வெளியிட்ட ஹேபெட் இந்த முக்காட்டு வகை. அந்த முக்காட்டுக்குள் தலைகீழாக ஒரு குட்டிப் பூ இருக்கும் என்பதைப் படித்துவிட்டு நான் நம்பாமல் கதிரைப் பிரித்துப் பார்த்தேன், இருந்தது. ஒரு மரபணுவின் நடுவில் 305 எழுத்துகள் இரட்டித்துப் போனதால் மீசை இப்படிப் பூவாக மாறுகிறது என்று 1995-ல் கண்டுபிடித்தார்கள். மாட்டின் வாய்க்கு நல்லது செய்ய வேண்டும் என்று அந்த மரபணு நினைத்திருக்காது. ஆனாலும் அதற்கு நான் கடன்பட்டவள். அண்ணனுக்கு இந்த வகை பிடிப்பதில்லை. மீசையும் ஒளிச்சேர்க்கை செய்து மணியை நிரப்புகிற உறுப்பு, அதைத் தொலைத்த ரகத்தில் மணி எடை குறையும் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இருபயன் ரகம் வாங்கும்போது நடுவழியாக மழுங்கல் மீசை ரகம் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்ப்போம்.

இதைவிடவும் அவசரமான ஒன்று நைட்ரேட். தீவனம் என்று தலைப்பில் எழுதிவிட்டு நைட்ரேட்டைச் சொல்லாமல் விடுவது மாடு வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து. தழைச்சத்தை நிறையப் போட்ட பயிர் வறட்சியிலோ உறைபனியிலோ கல்மழையிலோ மாட்டிக்கொண்டு வளர்ச்சி நின்றுவிட்டால், வேர் உறிஞ்சிய நைட்ரேட் புரதமாக மாறாமல் தண்டில் தேங்கிவிடும். மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி இரத்தத்தில் கலக்கும். பிறகு இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, அதன் நிறமே சாக்லேட் பழுப்பாகிவிடும். நின்ற மாடு மூச்சுத் திணறி விழும், சினை மாடு கன்று வீசும். வறட்சியில் தானியம் தேறாது என்று தெரிந்ததும் 'சரி, தீவனமாகவாவது வெட்டிவிடுவோம்' என்றுதான் யாருக்கும் தோன்றும். நைட்ரேட் உச்சத்தில் இருக்கக்கூடியதும் அதே சமயத்தில்தான். வறட்சிக்குப் பிறகு மழை பெய்தால் உடனே வெட்டாமல் சில நாள் பொறுக்க வேண்டும், ஏனென்றால் வேர் முதலில் நைட்ரேட்டை அள்ளிக்கொண்டு வரும், இலை அதைச் செலவழிக்கக் கொஞ்சம் நாளாகும். தண்டின் அடிப்பகுதியில்தான் அது அதிகம் தேங்கும் என்பதால் உயரமாக விட்டு வெட்டுவதும் உதவும். குழியில் புளிக்கும்போது ஒரு பகுதி குறையும். உலர்த்தினால் குறையாது, அப்படியே இருக்கும்.

சந்தேகம் இருந்தால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது ஒன்றே வழி. உலர் எடையில் நைட்ரேட் அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பயமில்லை. 1 சதவீதத்தைத் தாண்டினால் அதைத் தனியாகப் போடக்கூடாது, வேறு தீவனத்தோடு கலந்து மெதுவாகப் பழக்க வேண்டும், சினை மாட்டுக்கு வேண்டவே வேண்டாம். அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் தலைப்பைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் 'நைட்ரேட்' என்று கொடுக்கும், சில 'நைட்ரேட் நைட்ரஜன்' என்று கொடுக்கும். இரண்டாவதை முதலாவதாக மாற்ற 4.4-ஆல் பெருக்க வேண்டும். 0.3 என்ற எண் ஒன்றில் நிம்மதி, இன்னொன்றில் அபாயம். இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட பயிரைக் குழியில் போட்ட முதல் சில வாரங்களில் மஞ்சள் கலந்த பழுப்புப் புகை போல ஒரு வாயு வரலாம். அது நைட்ரஜன் டை ஆக்சைடு, காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தங்கும், நுரையீரலைத் தாக்கும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது, பெரியவர்களும் போகக்கூடாது.

தழைச்சத்தைத் தொட்டதால் தானியத்துக்கும் வருகிறேன். இருபயன் என்று நம்பி மேலுரத்தைத் தாராளமாகப் போட்டுவிட்டு, கடைசியில் தானியத்துக்கு விட்டு, அதை முளைக்கவைத்து உலர்த்தி மால்ட் தயாரிப்பவர்களுக்கு விற்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். மால்ட் பார்லியில் புரதம் 9.5 முதல் 12.5 சதவீதம் வரை என்ற குறுகிய வரம்புக்குள்தான் பெரும்பாலும் கேட்பார்கள். தீவனத்துக்குப் புரதம் ஏற ஏற நல்லது, மால்ட்டுக்கு ஏற ஏறத் தள்ளுபடி. எங்கள் தானியம் மாட்டுக்கே போகிறது என்பதால் அந்தத் தலைவலி இல்லை. அதையும் முழு மணியாகப் போட்டால் சாணத்தோடு முழுதாகவே வெளியே வரும், உருளையில் நசுக்கித்தான் போட வேண்டும். பார்லி மாவுச்சத்து வயிற்றில் வேகமாகப் புளிக்கும். ஒரே நாளில் அளவைக் கூட்டினால் மாடு தீனி மறுத்துப் படுத்துவிடும், அதனால் படிப்படியாகத்தான் ஏற்றுவேன்.

ரகத்தின் உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1965-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் வெளிவந்த டயமன்ட் என்ற ரகம், எக்ஸ்ரே பாய்ச்சிய விதையிலிருந்து தேர்ந்தெடுத்தது. தாய் ரகத்தைவிட ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் குட்டை, சாயாது, உரத்தைத் தாங்கும். ஐரோப்பாவின் எத்தனையோ தானிய ரகங்களின் வம்சத்தில் அது இருக்கிறது. தானியக்காரர்களுக்கு அது வரம், தீவனக்காரர்களுக்கு அந்த 15 சென்டிமீட்டர் வைக்கோல் நஷ்டம். இருபயன் ரகத்தைத் தேடும்போது தானிய விளைச்சல் எண்ணோடு நிறுத்தாமல், முழுச்செடி உலர் எடை எவ்வளவு, சாய்வு மதிப்பெண் எவ்வளவு என்று விதை விவரத்தாளில் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இருபயனா இல்லையா என்று தெரியும்.

விதை அளவுக்குக் கட்டுரையில் ஒரே எண் கொடுத்திருந்தீர்கள். விதைக்கு விதை மணி எடை மாறுவதால் கிலோ கணக்கு மட்டும் போதாது. சதுர மீட்டருக்கு 250 செடி வேண்டும், ஆயிரம் மணி எடை 45 கிராம், விதைத்ததில் 90 சதவீதம் செடியாகும் என்றால் ஹெக்டேருக்கு 125 கிலோ. மணி எடை 38 கிராம் என்றால் ஏறத்தாழ 106 கிலோவே போதும். தீவனத்துக்கே விடப்போவது உறுதி என்றால் அண்ணன் கொஞ்சம் அடர்த்தியாகப் போடுவார், தண்டு மெல்லிசாக வரும். மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழம், அதற்குமேல் போனால் முளை களைத்துப் போகும். தீவனப் பங்கில் பட்டாணியைக் கலந்து விதைத்தால் புரதம் கூடும். ஆனால் அதைத் தானியத்துக்கு விடுவதா என்ற கேள்வி அன்றே முடிந்துவிடுகிறது, ஆகவே வயல் முழுக்கக் கலக்க அவர் சம்மதிப்பதில்லை.

உப்பு மண்ணுக்குப் பார்லி ஏற்றது என்ற வரி சரியானது, முழுமையானது இல்லை. மாஸும் ஹாஃப்மனும் 1977-ல் தொகுத்த பட்டியலில் தானிய பார்லி மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 8 டெசிசீமன்ஸ் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். அதே பார்லியைத் தீவனத்துக்கு விட்டால் அந்த வரம்பு 6. செடி உயிரோடு கதிர் விடும், ஆனால் இலையும் தண்டும் முன்னதாகவே சிறுத்துவிடும். உப்பு ஏறிய மூலையைத் தானியத்துக்கே விட்டுவிடுங்கள் என்பது இதிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் யோசனை. எங்கள் வழக்கில் அண்ணனுக்குப் போகும் ஒரே மோசமான பங்கு அதுதான்.

பார்லி தன் மகரந்தத்திலேயே கருவுறும் பயிர், ஆகவே சொந்த விதையை எடுத்து வைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு விஷயத்தைச் சேர்த்திருக்க வேண்டும். பல நாடுகளில் புதிய ரகங்களுக்கு உருவாக்கியவரின் உரிமை உண்டு, எடுத்து வைத்த விதையை அடுத்தவருக்கு விற்க முடியாது, சில இடங்களில் சொந்த வயலுக்கும் கட்டணம் உண்டு. அடுத்தது, கதிரைக் கருந்தூளாக்கும் பூஞ்சை நோயான கரிப்பூட்டை. காற்றில் பரவும் கரிப்பூட்டை பூக்கும்போதே மணிக்குள் புகுந்து கருவில் ஒளிந்துகொள்ளும். விதையை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, மேல்பூச்சு மருந்தும் எட்டாது. உள்ளே ஊடுருவும் விதை மருந்து வேண்டும், அல்லது நோயில்லாத வயலின் விதை வேண்டும். தீவனப் பங்கில் கரிக்கதிர் தெரிந்தால் சீக்கிரம் வெட்டிவிடுகிறோம். தானியப் பங்கில் தெரிந்தால் அந்த ஆண்டு விதை எடுப்பதில்லை.

கட்டுரை எழுதியவர்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அவர் எழுதியதால்தான் எங்கள் வீட்டில் பார்லிப் பேச்சு இன்னொரு மாலை நீண்டது. வேளாண் பக்கத்தின் அடுத்த இதழில் சிறு திருத்தம் ஒன்று போட்டால் போதும்: மறுதாம்பில் தானியம் என்பது குறும்பகல் பருவத்தில் விதைத்து, முதல் கணு எழும்புவதற்கு முன் வெட்டிய பயிருக்கு மட்டுமே பொருந்தும், வசந்தத்தில் விதைத்தவர்கள் ஒரு வயலுக்கு ஒரு பயனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிந்தால் அதன் கீழேயே நைட்ரேட் பற்றி நான்கு வரியும் சேருங்கள். விதைப்புக்கு முன்பே அது வந்தால் நல்லது.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் தங்கள் வாசகி